இந்த வருஷமே வருகை என்றால் வீடு எதற்கு? பதுளையிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை எனக்கு விளங்கின மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கிறது, ஏழு பேர்ச் காணியில் அத்திவாரம் வெட்டியதோடு வீட்டு வேலை நிற்கிறது. அம்மா போகிற ஜெபவீட்டுப் பாஸ்டர், டித்வா புயலும் மண்சரிவும் கடைசிக் கால அடையாளம், இந்த வருஷம் முடிவதற்குள் இரகசிய வருகை (இயேசு மறைவாக வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்வது) நடந்துவிடும், மேலே போகப்போகிறவர்களுக்குக் கீழே வீடு எதற்கு, அந்தக் காசை ஊழியத்தில் விதையுங்கள் என்கிறார். இது வேதத்தில் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அப்புறம் கடைசியில், போகிற போக்கில் எழுதினதுபோல் இன்னொன்று: மண்சரிவில் போன பெரியம்மாவின் உடல் கிடைக்கவே இல்லை, அவர் மாரியம்மன் கோவிலுக்குப் போனவர், வருகையில் அவருக்கு என்ன ஆகும் என்று. உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். வீடும் காசும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

நான் பிலிமத்தலாவ இறையியல் கல்லூரியில் படித்து, தோட்டப்புறச் சபைகளில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன். வேதத்தையும் சபை வரலாற்றையும் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசுவேன். காணி, காசு விஷயத்தில் நான் உங்களைப்போல ஒரு சாதாரண ஆள்தான், அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். இயேசு திரும்ப வருவார் என்பது பாஸ்டர் கண்டுபிடித்த விஷயம் அல்ல. கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த், பெந்தெகொஸ்தே எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை அது. 4ஆம் நூற்றாண்டில் உருவான நிசேயா விசுவாசப் பிரமாணத்தில், அவர் உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க மகிமையோடு திரும்ப வருவார் என்று இருக்கிறது. இன்றைக்கும் ஆராதனையில் எழுந்து நின்று சொல்கிறோம். அவர் வருவார், மரித்தவர்கள் எழுப்பப்படுவார்கள், நியாயம் தீர்க்கப்படும், தேவன் எல்லாவற்றையும் புதிதாக்குவார். இவை நான்கும் உறுதி. இதற்கு அப்பால் யாராவது வரிசை, கணக்கு, வருஷம் என்று போனால் அங்கே நிதானமாகக் கேளுங்கள்.

நாளைப் பற்றி வேதம் சுற்றிவளைக்கவில்லை. அந்த நாளையும் நாழிகையையும் தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்கிறது. இயேசுவுக்கே தெரியாது என்று எழுதியிருக்கிற ஒன்று, ஒரு ஜெபவீட்டு மேடைக்குத் தெரிந்திருக்கிறது! "நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷம் தெரியலாம்" என்று ஒரு சாமர்த்தியமான பதில் வரும். அதற்கு அப்போஸ்தலர் 1:7-ஐத் திறந்து காட்டுங்கள், காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அங்கே இருக்கிறது. ஆனாலும் ஆட்கள் கணக்குப் போடுவதை விடவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் பிரசங்கத்தைக் கேட்டுப் பெருங்கூட்டம் 1844 ஒக்டோபர் 22-ஆம் திகதி காத்திருந்தது, சிலர் வயலில் விளைந்ததைக்கூட எடுக்காமல் விட்டார்கள், மறுநாள் வழக்கம்போல விடிந்தது. இஸ்ரவேல் தேசம் 1948-இல் உருவானதிலிருந்து ஒரு தலைமுறை, நாற்பது வருஷம் என்று எண்ணி 1988 என்றார்கள் (மலையகத் தமிழரான எங்கள் ஆட்களுக்கு 1948 வேறு காரணத்துக்காக மறக்க முடியாத வருஷம், குடியுரிமை போன வருஷம் அது). ஹெரோல்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார், அது பொய்த்தவுடன் ஒக்டோபர் 21 என்றார். 2025 செப்டெம்பரில்கூட தென்னாபிரிக்காவிலிருந்து ஒருவர் சொன்ன திகதி எல்லாருடைய போனிலும் சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கும். இவற்றில் எனக்கு மறக்காதது தென் கொரியாவில் 1992 ஒக்டோபர் 28 என்று அறிவித்த தாமி மிஷன் என்ற கூட்டம். விசுவாசிகள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அதன் தலைவர் லீ ஜாங் ரிம், அவர்கள் கொடுத்த காசில் அடுத்த வருஷம் முதிர்வடையும் கடன் பத்திரம் வாங்கி வைத்திருந்தார். மோசடி வழக்கில் சிறைக்குப் போனார்.

இதை வைத்து உங்கள் பாஸ்டரும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவரை எனக்குத் தெரியாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனுக்குப் பயந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கும்போது, இரவு பத்து மணிக்கு மழையில் நடந்து வந்து ஜெபம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன சபைப் பாஸ்டர்மார்தான், எங்களைப்போன்ற பெரிய சபைக்காரர்கள் அல்ல. அம்மா அங்கே போவதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கேலி பண்ணாதீர்கள்.

அடையாளங்களுக்கு வருவோம். பாஸ்டர் பிடித்துக்கொள்கிற மத்தேயு 24-ஐ முழுவதும் வாசித்தால், அந்தப் பேச்சு எருசலேம் தேவாலயத்தைக் காட்டித் தொடங்குகிறது தெரியும். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்றார் இயேசு, கி.பி. 70-இல் ரோமப் படை அதை இடித்தது. அந்த அதிகாரத்தில் எது 70-ஐப் பற்றியது, எது கடைசி நாளைப் பற்றியது என்பதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை, நானும் ஒரு கோடு கிழித்துக் காட்ட மாட்டேன். ஆனால் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று சொல்லும் அதே இடத்தில் "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்", "முடிவு உடனே வராது" என்றும் இருக்கிறது. பயமுறுத்துகிற பாதியை வாசித்துவிட்டு இந்தப் பாதியைத் தாண்டிப்போவது நேர்மை அல்ல. 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அன்றைக்கும் முடிவு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2025 நவம்பர் 28-ஆம் திகதி டித்வா கரைதொட்டது. நவம்பர் 30 ஞாயிறு, நத்தாருக்கு முந்தைய வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. பொது வாசிப்பு அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில் அன்றைக்கு உலகம் பூராவும் வாசித்த சுவிசேஷப் பகுதி எது தெரியுமா? மத்தேயு 24:36 முதல். அந்த நாளை ஒருவனும் அறியான் என்று தொடங்கி, நோவாவின் காலத்தில் ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டு போனது, இரண்டு பேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்று போகிற பகுதி. புயலுக்காக யாரும் தேர்ந்தெடுத்தது அல்ல, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருவது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா (அறை) மண்ணுக்குள், அடுத்த காம்பரா அப்படியே நிற்கிறது என்று கண்ணால் பார்த்த ஆட்களுக்கு அந்த வசனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போனவர்கள் பாவிகள், நின்றவர்கள் நீதிமான்கள் என்று யாராவது அதிலிருந்து எடுத்தால், லூக்கா 13-இல் இயேசு அந்த வாயை அடைக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா? அப்படியல்ல என்கிறார். உங்கள் பெரியம்மாவைப் பற்றிப் பேசும் யாருக்கும் இதுதான் முதல் பதில்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. மண்சரிவை வருகையின் அடையாளம் என்று சொல்லிவிட்டால், அந்தச் சரிவில் ஆட்களை யார் குடிவைத்தது என்ற கேள்வி மறைந்துபோகிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கினதே, அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள், போவதற்கு வேறு இடம் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நாளைக்கு இத்தனை மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், இத்தனை என்றால் வெளியேறு என்று அளவு வைத்திருக்கிறது. அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மழைமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். வருகையை நம்புகிறவன்தான் இதைச் சத்தமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் நியாயத்தீர்ப்பு உண்டு என்று சொல்கிறவன் அவன்தானே.

ஜெபவீட்டுச் சுவரில் துணியில் வரைந்த படம் தொங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள், இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, ஆயிர வருஷ அரசாட்சி என்று அம்புக்குறி போட்ட படம். சபையார் முதலில் மறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, உபத்திரவம் முடிந்த பிறகு கர்த்தர் வெளிப்படையாக வருவார் என்ற அந்த இரண்டு கட்டக் கணக்கை முறையாகக் கட்டிப் பரப்பியவர் ஜோன் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார், 1830-களில். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அது உலகம் முழுவதும் போனது. அதை நம்புகிறவர்களில் நல்ல விசுவாசிகள் ஏராளம், ஆனால் அதை நம்பாமலேயே பழைய சபைகள் பல நூற்றாண்டுகள் வருகைக்குக் காத்திருந்தன. ஆயிரம் வருஷம் என்பதை நேரடியாக எடுப்பதா, பழைய சபைத் தந்தை அகுஸ்தீன் சொன்னபடி இப்போதைய சபையின் காலமாக எடுப்பதா என்று சண்டை நெடுங்காலமாக நடக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ஐ ரோம மன்னன் நீரோவின் பெயரோடு பொருத்துகிறவர்கள் பலர், சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த எண் 616 என்றே இருக்கிறது. ஆகவே டிஜிட்டல் அடையாள அட்டைக்கு விரல் அடையாளம் கொடுத்தால் மிருகத்தின் முத்திரை ஆகிவிடுமோ என்று அம்மா பயப்பட வேண்டியதில்லை. முத்திரை என்பது யாரை வணங்குகிறோம் என்பதைப் பற்றிய பேச்சு.

சரி, இனிப் பெரியம்மா. இரகசிய வருகைக்கு ஆதாரமாகக் காட்டும் முக்கிய வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17, ஆகாயத்தில் கர்த்தருக்கு எதிர்கொண்டு போவோம் என்பது. அந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 50-இல் எழுதினது, புதிய ஏற்பாட்டில் மிகப் பழையவற்றில் ஒன்று. பவுல் ஏன் அதை எழுதினார்? தெசலோனிக்கேயாவில் சிலர் செத்துப்போனார்கள். கர்த்தர் வருவதற்குள் செத்துவிட்டார்களே, அவர்கள் தவறிவிட்டார்களா என்று வீட்டார் அழுதார்கள். அதாவது, உங்கள் கேள்வியேதான். அதற்குப் பவுல் சொன்ன பதில்: கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள். முடிவில், "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று எழுதினார். துக்க வீட்டுக்கு எழுதின ஆறுதல் கடிதத்தை எடுத்து, அதே துக்க வீட்டைப் பயமுறுத்தக் காட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம். எதிர்கொண்டு போவது பற்றியும் ஒன்று சொல்கிறேன். பேராயர் தோட்டத்துக்கு வரும்போது நாங்கள் சந்திவரைக்கும் மாலையோடு தப்பு மேளம் அடித்துக்கொண்டு போய் நின்று, அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வருவோமே தவிர, அவரோடு வானில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட மாட்டோம். பவுல் மனதில் இருந்தது அப்படி ஒரு ராஜ வரவேற்பு என்று பல வேத அறிஞர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் இது விளக்கம், சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் நாம் மேலே போவதில்லை, புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

உடல் கிடைக்காத ஒருவருக்கு நான் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். பெட்டி இல்லை. வீட்டார் அவர் இடுப்பில் கட்டுகிற படங்கையும் கொழுந்துக்கூடைக் கயிற்றையும் ஒரு பெஞ்சில் மடித்து வைத்திருந்தார்கள், கயிற்றில் தலை படுகிற இடம் எண்ணெய் பிடித்துக் கறுத்து மினுங்கியது. மண்ணுக்கு மண், தூளுக்குத் தூள் என்று வாசிக்க வேண்டிய இடத்தில், எந்த மண்ணைக் காட்டி வாசிப்பது? அப்போது நான் வெளிப்படுத்தின விசேஷம் 20:13-ஐ வாசித்தேன், சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்பதை. அதை எழுதின யோவான் காலத்தில் கடலில் செத்தவனுக்குக் கல்லறை கிடையாது, போனவன் போனவன்தான். அந்தக் கடலே கணக்கு ஒப்புவிக்க வேண்டி வரும் என்றால், மலை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுமா? உயிர்த்தெழுதலுக்கு உடல் முழுதாக இருக்க வேண்டும் என்று சபை ஒருநாளும் போதிக்கவில்லை. சிங்கத்துக்குப் போட்ட இரத்தசாட்சிகளும் நெருப்பில் எரித்தவர்களும் எழுவார்கள் என்றே ஆதியிலிருந்து நம்பினார்கள். எப்படிப்பட்ட சரீரம் என்று கொரிந்தியரே கேட்டார்கள், பவுல் விதையைக் காட்டினார், விதைத்தது ஒன்று முளைப்பது ஒன்று என்றார், அதற்கு மேல் விவரம் கொடுக்கவில்லை. சாவுக்கும் அந்த நாளுக்கும் நடுவில் மரித்தவர் எப்படி இருக்கிறார், நித்திரையா, கிறிஸ்துவோடு விழிப்பா என்பதிலும் இரண்டு பக்கமும் வசனம் உண்டு. அங்கே என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கோவிலுக்குப் போனவர் என்பது இன்னும் கடினமான கேள்வி, அதை மழுப்பப் போவதில்லை. கிறிஸ்துவை அறிக்கையிடாமல் இறந்தவர்களுக்கு மீட்பு இல்லை என்று போதிக்கும் சபைகள் இருக்கின்றன. தங்கள் குற்றமில்லாமல் அவரை அறியாமல், மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதியது. எங்கள் பக்கத்துச் சபைகளில் இரண்டு கருத்தும் உண்டு. இதை நானும் முடித்து வைக்க மாட்டேன், ஆனால் இரண்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மத்தேயு 25-இல் சகல ஜனங்களும் கூட்டப்படும்போது வலது பக்கம் நிற்கிறவர்கள், "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைக்கிறார்கள், அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அடுத்தது, ஒரு குறிப்பிட்ட ஆள் இன்ன இடத்துக்குத்தான் போனார் என்று அறிவிக்கும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் கொடுக்கப்படவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டார். பெரியம்மாவுக்காக அழுங்கள், தேவனிடம் ஒப்புக்கொடுங்கள், யாராவது நரகம் என்று சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டு விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் எரேமியா. எருசலேமைப் பாபிலோன் படை வளைத்திருக்கிறது, நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான், அதற்காகச் சிறையிலும் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார், சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு, உறுதிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறார், 32-ஆம் அதிகாரம். முடிவு வருகிறது என்று உண்மையிலேயே தெரிந்தவர் செய்த வேலை இது. இருநூறு வருஷமாகக் காணி உறுதி இல்லாமல் வாழ்ந்த ஆட்களுக்கு இந்த அதிகாரத்தை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேலே சொன்ன தெசலோனிக்கேயர் பகுதியிலும், எதிர்கொண்டு போவதற்குச் சரியாக முன்னால், 11-ஆம் வசனத்தில், அமைதியாக இருந்து சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்று பவுல் சொல்கிறார். வருகை கிட்டே வந்துவிட்டது என்று எண்ணி வேலையை விட்டவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள் போலிருக்கிறது, இரண்டாம் கடிதத்தில் அதட்டியே எழுதுகிறார்.

அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பெரியம்மாவைப் பற்றி அவர் இன்னும் வாய்விட்டு அழவில்லை என்றால் அது வெளியே வரட்டும். சொந்த அக்காவை மண் கொண்டுபோன பிறகு, இந்த வருஷமே வருகை என்ற செய்தி அவருக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யோசியுங்கள். காணிக்கை கொடுக்க ஆசைப்பட்டால் அது அவர் உழைத்த காசு, அவர் உரிமை, ஆனால் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டுக் கொடுக்கட்டும். பாஸ்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, உங்கள் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டீர்களா, சபைக் கட்டடத்துக்குச் சேர்க்கிற நிதியை நிறுத்திவிட்டீர்களா என்று. அப்புறம், வீட்டு வேலையைத் திரும்பத் தொடங்குவதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அந்த ஏழு பேர்ச்சுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். புயலுக்கு முன்பு எடுத்த அறிக்கை என்றால் மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அது வரும்வரை அத்திவாரத்துக்கு மேல் ஒரு கல்லும் வைக்காதீர்கள், காசு வங்கியிலேயே இருக்கட்டும்.